புஸ் மோத் ஓவியம்: அட்டை மாதிரியை வைத்து வரைவதா, பிளெண்டரிலா?

விண்கோடு எழுதியது:

நண்பர்களே, 1932 அக்டோபர் 15 அன்று ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து அகமதாபாத் வழியாகப் பம்பாய்க்கு அஞ்சல் கொண்டுவந்தது எல்லோருக்கும் தெரியும். அங்கிருந்து அந்த அஞ்சலைப் பெல்லாரி வழியாக மெட்ராஸுக்குக் கொண்டுவந்த நெவில் வின்சென்டை யாராவது வரைந்து நான் பார்த்ததே இல்லை. பெல்லாரியின் பாறைக்குன்றுகளுக்குப் பக்கத்தில், முற்பகல் வெயிலில், அவர் ஓட்டிய புஸ் மோத் என்ற சிறு விமானம் இடப்பக்கம் சாய்ந்து திரும்புவதைக் கௌவாஷில் (ஒளி ஊடுருவாத நீர்வண்ணத்தில்) வரைய வேண்டும் என்று நெடுநாள் ஆசை. குன்றின் மேல் நிற்கும் ஒருவர் கண்ணுக்கு, சற்றுக் கீழேயிருந்து, முன்பக்கமாகத் தெரிகிற கோணம். ஆனால் எனக்குக் கிடைத்த படங்கள் எல்லாம் தரையில் நிற்கும் விமானத்தைப் பக்கவாட்டில் எடுத்தவை. அதனால் 1:33 அளவில் (நிஜத்தில் 33-இல் ஒரு பங்கு) அட்டை மாதிரி ஒன்றை ஒட்டி, மேசை விளக்கு போட்டு, ஃபோனில் படமெடுத்து மூன்று தடவை வரைந்துவிட்டேன். மூன்றிலும் விமானம் பொம்மையாகத்தான் தெரிகிறது. பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளுக்கு மாறிவிடலாமா? இணையத்தில் அதற்கான இலவச மாதிரி ஒன்றும் கிடைத்தது.

மொட்டைமாடி எழுதியது:

அட்டையைத் தூக்கிப் போடாதீர்கள் தம்பி. சிக்கல் தூரத்தில்தான். எவ்வளவு தள்ளி நின்று எடுத்தீர்கள்? அரை மீட்டர் என்றால், 1:33 கணக்கில் நிஜ விமானத்துக்கு 16 மீட்டர் பக்கத்தில் நிற்கிற மாதிரி. புஸ் மோத்தின் இறக்கை நீளமே 11.2 மீட்டர்! அவ்வளவு கிட்டே நின்றால் இந்தப் பக்க இறக்கை பெரிதாகவும் அந்தப் பக்கம் சுருங்கியும்தான் விழும். இரண்டு மீட்டர் தள்ளிப் போய் ஜூம் செய்து எடுங்கள், 66 மீட்டர் தூரத்தில் பார்ப்பது போல வரும்.

அப்புறம் அந்த மேசை விளக்கு. சூரிய ஒளி இணையாக விழும், விளக்கொளி விரிந்து விழும், அதனால் இறக்கையின் நிழல் உடம்பின் மேல் பெரிதாகி, தப்பான இடத்தில் விழுகிறது. காலை பத்து மணிக்கு மாதிரியை மாடிக்கு எடுத்துப் போங்கள். கீழே செங்கல் நிறச் சார்ட் ஒன்றை விரியுங்கள். மேல் இறக்கை விமானம் என்பதால் கேபின் நிழலில்தான் இருக்கும், ஆனால் அந்த நிழல் சாம்பல் நிறமாக இருக்காது, தரையிலிருந்து எழும்பும் செம்மை இறக்கையின் அடிப்பக்கமெல்லாம் படரும். பார்த்ததும் புரிந்துவிடும், நான் எழுதிச் சொல்வதைவிட.

கம்பிச்சட்டம் எழுதியது:

மேலே சொன்னது சரி. கோணம் தேடுவதற்கு மட்டும் பிளெண்டர் ரொம்ப உதவும், ஏனென்றால் ஐம்பது சாய்வுகளை ஐந்து நிமிடத்தில் பார்த்துவிடலாம். அளவை மீட்டரில் வையுங்கள், கேமராவைத் தள்ளி வைத்து லென்ஸை 100 மி.மீ.க்கு மேல் ஏற்றுங்கள். சன் பொசிஷன் என்ற பிளெண்டர் ஆட்-ஆனில் (துணை நிரலில்) பெல்லாரியின் அட்சரேகை, தீர்க்கரேகை, அக்டோபர் தேதி கொடுத்தால் சூரியன் தானாகச் சரியான இடத்துக்கு வரும்.

ஆனால் அந்த இலவச மாதிரியை நம்புவதற்கு முன் இறக்கையைப் பாருங்கள். முனையை நோக்கிக் குறுகிக்கொண்டே போனால் அது லெப்பர்ட் மோத் என்ற வேறு விமானம். 1982ல் ஜே.ஆர்.டி. தம் 78வது வயதில் அதே பாதையில் மறுபடி ஓட்டியது லெப்பர்ட் மோத்தில்தான், அந்தப் படங்களையும் 1932 படங்களையும் கலந்து வைத்திருப்பார்கள். புஸ் மோத்தின் இறக்கை ஒரே அகலமாகப் போய் நுனியில் உருண்டு முடியும்.

தாள்மடிப்பு எழுதியது:

அட்டை மாதிரி செய்பவளாக ஒரு வார்த்தை. தாளை ஒரு பக்கமாகத்தான் வளைக்க முடியும், கிண்ணம் போல இரண்டு பக்கமும் வளைக்க முடியாது. ஸ்பிட்ஃபயர் போர் விமானத்தின் இறக்கை உடம்போடு சேருகிற இடத்தில் அதனால்தான் எல்லோரும் திணறுகிறோம். புஸ் மோத் தட்டையான பக்கங்கள் கொண்ட எஃகுக் குழாய்ச் சட்டம், மேலே துணி, ஆகவே தாளுக்கென்றே பிறந்த விமானம். துணி, இறக்கைக்குள் இருக்கும் விலாக்களுக்கு (குறுக்குச் சட்டங்களுக்கு) நடுவே லேசாக உள்வாங்கியிருக்கும். மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவால் இறக்கைத் தாளின் உட்பக்கம் விலா விலாவாகக் கோடு இழுத்துவிட்டு ஒட்டுங்கள், சாய்ந்த வெயிலில் அந்த மேடுபள்ளம் தெரியும். இலவச டிஜிட்டல் மாதிரிகளில் பெரும்பாலும் அந்த இடம் கண்ணாடி மாதிரி வழவழப்பாக இருக்கிறது, எனக்கு அது பிடிப்பதே இல்லை.

இன்னொன்று, நிறத்தைக் கறுப்பு வெள்ளைப் படத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஆர்த்தோகுரோமாடிக் ஃபிலிமாக (சிவப்பு ஒளியை உணராத பழைய வகை) இருந்தால் சிவப்பு கறுப்பாகவும் நீலம் வெளுத்தும் விழும்.

விண்கோடு எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. கிடைத்த மாதிரி லெப்பர்ட் மோத்தேதான், இறக்கை குறுகுகிறது! நல்லவேளை. இறக்கையை மட்டும் பிளெண்டரில் திருத்திக் கோணம் பார்த்தேன். அதே சாய்வில் அட்டை மாதிரியை நூலில் கட்டி, இன்று காலை மாடியில், சிவப்புச் சார்ட்டுக்கு மேலே தொங்கவிட்டேன். இறக்கையின் அடியில் ஒரு காவி வெளிச்சம் வந்தது, கேபின் ஜன்னல் ஓரம் வரைக்கும். ஃபோனை வைத்துவிட்டு நேராகப் பார்த்தே பென்சிலில் போட்டுவிட்டேன். ஒன்று மட்டும் கேட்க வேண்டும்: சுழலும் புரொப்பெல்லரை எப்படி வரைகிறீர்கள்?

மொட்டைமாடி எழுதியது:

அலகுகளை வரையவே வேண்டாம். வானத்தின் நிறத்தைவிட ஒரு சொட்டு இருண்ட வட்டம், தண்ணீர் அதிகம் கலந்து, ஈரமாக இருக்கும்போதே விளிம்பைக் கரைத்துவிடுங்கள். வெயில் படுகிற பக்கம் ஒரே ஒரு வெளிச்சக் கீற்று. பென்சில் படத்தை இங்கே போடுங்கள், பார்க்கலாம்.