ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை ஒருநாள் வயலுக்குக் கூட்டிப்போகிறோம், யோசனை சொல்லுங்கள்

மதுரை டீச்சர்:

வணக்கம். மதுரையில் ஐந்தாம் வகுப்பு எடுக்கிறேன், 38 பிள்ளைகள். போன வருடம் பண்ணைச் சுற்றுலா என்று சொல்லித் தலைக்கு 600 ரூபாய் வாங்கிய ஓர் இடத்துக்குப் போனோம். கயிற்றில் தொங்கிப் போகிற விளையாட்டு, செயற்கை மழையில் ஆட்டம், முயல் கூண்டுக்கு முன்னால் போட்டோ, எல்லாவற்றுக்கும் வரிசையில் நின்றே நாள் போய்விட்டது. திரும்பும்போது பஸ்ஸில் ஒரு பிள்ளை, "டீச்சர், பண்ணைக்கு எப்பப் போவோம்?" என்று கேட்டாள். பதில் சொல்ல முடியாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

இந்த வருடம் நிஜமான வயலுக்கே போக வேண்டும். மாணவர் ஒருவரின் தாத்தாவுக்குச் சோழவந்தான் பக்கம் கால்வாய்ப் பாசனத்தில் நான்கு ஏக்கர் இருக்கிறது, வாங்க என்கிறார். நவம்பரில் நடவுக்குப் போவதா, பொங்கல் முடிந்து அறுவடைக்குப் போவதா? பிள்ளைகளை என்ன செய்ய வைக்கலாம்? பாம்பு, கிணறு என்று பெற்றோர் பயப்படுகிறார்கள். அந்தப் பயமும் நியாயம்தான், அதற்கும் வழி சொல்லுங்கள்.

தென்கரை விவசாயி:

டீச்சர், நடவுக்கே வாங்க. அறுவடைக்கு வந்தால் இப்போது மிஷின்தான் இறங்கும், ஒரு ஏக்கரைக் கொஞ்ச நேரத்தில் முடித்துவிட்டுப் போய்விடும், பிள்ளைகள் வரப்பில் நின்று தூசியைத்தான் பார்ப்பார்கள். நம் பக்கம் இரண்டாம் போக நடவு பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகையில் வரும், ஆனால் தண்ணீர் திறப்பதைப் பொறுத்து முன்பின் ஆகும். அதனால் இப்போதே தேதி குறிக்காதீர்கள். நாற்றுப் பாவிய (நாற்றங்காலில் விதை போட்ட) அன்றைக்கு ஒரு போன் போடச் சொல்லுங்கள், அதிலிருந்து சுமார் 25 நாள் கழித்து நடவு, பஸ் பேச அந்த அவகாசம் போதும். ஒற்றை நாற்று நடவு என்றால் 14 நாள் நாற்றையே பறித்துவிடுவார்கள், அப்போது சீக்கிரம் ஏற்பாடு செய்ய வேண்டியிருக்கும்.

பிள்ளைகளுக்கு என்று ஒரே ஒரு சென்ட் ஒதுக்கச் சொல்லுங்கள். 25 சென்டிமீட்டர் இடைவெளியில் கயிறு கட்டி நட்டால் சதுர மீட்டருக்கு 16 குத்து (நாற்று வைக்கிற இடம்), ஒரு சென்ட் கிட்டத்தட்ட 40 சதுர மீட்டர், ஆக 640 குத்து. 38 பேருக்குப் பிரித்தால் ஆளுக்குப் பதினாறு, பதினேழு வரும். இந்தக் கணக்கை நீங்கள் வகுப்பிலேயே போட வைக்கலாம். புதுக்கை எல்லாம் நாற்றை ஆழமாக அமுக்கும், இரண்டு விரலால் மேலாக வைத்தால்தான் தூர் நன்றாகக் கட்டும், அதாவது பக்கத்தில் புதுத் தண்டுகள் நிறைய வரும். அதைச் சொல்லிக்கொடுக்க நடவுக்கு வருகிற அக்காமார்களை விட்டால் வேறு ஆள் கிடையாது. அவர்களில் இரண்டு பேருக்கு அன்றைய கூலியைப் பள்ளியே கொடுத்துவிடுங்கள், குலவை போட்டு ஆரம்பித்துவைப்பார்கள். இலவசமாகச் சொல்லித்தரச் சொல்லிக் கேட்காதீர்கள், அது அவர்கள் வேலை நேரம்.

செருப்போடு சேற்றில் இறங்கினால் செருப்பு உள்ளேயே போய்விடும், வெறுங்கால்தான். முந்தின நாள் அந்த ஒரு சென்ட்டில் பெரியவர் ஒருவர் காலால் துழாவிப் பார்த்துவிட வேண்டும், பாட்டில் துண்டு கிடக்கும். மருந்து அடித்த வயலா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

மன்னார்குடி அக்கா:

நானும் ஆசிரியைதான். மூன்று வருடமாகக் கூட்டிப்போகிறேன். முதல் வருடம் நாற்று, மாடு, மண்புழு உரம், மாட்டுவண்டி என்று ஏழெட்டு வைத்து எதையும் பிள்ளைகளைப் பார்க்கவே விடவில்லை. இப்போது இரண்டுதான். காலையில் சேறு, மதியம் மரத்தடி. போன முறை வகுப்பில் ஐந்து நிமிடம் உட்காராத ஒரு பையன் வரப்பில் நண்டு வளை முன்னால் குத்தவைத்து அரைமணி நேரம் அசையாமல் இருந்தான். நண்டு கொடுக்கை மட்டும் வெளியே நீட்டும், இவன் மூச்சு விட்டாலே உள்ளே போய்விடும், மறுபடி வரும். கூப்பிட மனசே வரவில்லை.

டீச்சர், முதலில் விசாரிக்க வேண்டியது கழிப்பறை. ஒரே கழிப்பறை இருக்கிற வீட்டில் 38 பேர் என்றால் நாளே கெட்டுவிடும், பக்கத்துப் பள்ளியைக் கேட்டுவையுங்கள். ஐந்தாம் வகுப்பிலேயே சில பிள்ளைகள் வயதுக்கு வந்திருப்பார்கள், நாப்கினும் மாற்று உடையும் உங்கள் பையில் இருக்கட்டும். ஒன்பது பத்துப் பேருக்கு ஒரு பெரியவர், அவர் அந்தக் குழுவைத் தவிர வேறு எங்கும் கண்ணை வைக்கக் கூடாது, போனும் எடுக்கக் கூடாது. காலை ஏழரைக்குள் கிளம்பினால் வெயில் ஏறுவதற்குள் நட்டு முடித்துவிடலாம்.

செவிலியர்:

கிணற்றைவிட எனக்குப் பயம் தார்ப்பாய் விரித்த பண்ணைக்குட்டை. சரிவில் கால் வழுக்கினால் பெரியவர்களாலேயே ஏறி வர முடியாது. அப்படி ஒன்று இருந்தால் பிள்ளைகள் போகிற வழியிலேயே அது வரக் கூடாது. பம்புசெட் தொட்டியில் குளிக்கக் கேட்பார்கள், குளிக்கட்டும், ஆனால் ஸ்டார்ட்டர் பெட்டிப் பக்கம் ஈரக்கையோடு யாரும் போகாமல் ஒருவர் அங்கேயே நிற்க வேண்டும்.

பாம்பு பெரும்பாலும் ஆள் நடமாட்டம் தெரிந்தால் விலகிப் போகும், ஆனாலும் வைக்கோல் போரிலும் விறகு அடுக்கிலும் கை விட வேண்டாம் என்று சொல்லிவையுங்கள். தவறிக் கடித்துவிட்டால் கீறுவது, உறிஞ்சுவது, இறுக்கிக் கட்டுவது எதுவும் கூடாது. பிள்ளையை நடக்க விடாமல், கடிபட்ட இடத்தை அசைக்காமல், 108க்குச் சொல்லி விஷமுறிவு மருந்து இருக்கிற அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். அது எங்கே என்று முதல் நாளே தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். இளைப்பு இருக்கிற பிள்ளைக்கு வைக்கோல் தூசி ஆகாது, இன்ஹேலரைக் கையோடு வாங்கிவாருங்கள். பத்து வயதுத் தடுப்பூசி போட்டாயிற்றா என்றும் பெற்றோரிடம் கேளுங்கள், அது ரணஜன்னிக்கும் (டெட்டனஸ்) சேர்த்துத்தான்.

மதுரை டீச்சர்:

எல்லாருக்கும் நன்றி. நடவுக்கே போகிறோம். தாத்தாவிடம் பேசிவிட்டேன், ஒரு சென்ட் இல்லை, இரண்டு சென்ட் தருகிறேன் என்கிறார். குட்டை கிடையாது, கைப்பிடிச் சுவர் வைத்த கிணறு ஒன்று இருக்கிறது, அங்கே ஒரு அப்பா நிற்கச் சம்மதித்திருக்கிறார். கழிப்பறைக்கு அக்கா சொன்னபடி பக்கத்துப் பள்ளியைக் கேட்கப் போகிறேன். ஒன்றே ஒன்று, அன்றைக்கு மழை வந்தால் என்ன செய்வது அண்ணே?

தென்கரை விவசாயி:

தூறல் என்றால் தாராளமாக வாங்க, நடவுக்கு நல்லது. இடி சத்தம் கேட்டால் உடனே எல்லாரையும் கரையேற்றி வீட்டுக்குள் கூட்டிப்போய்விட வேண்டும், மரத்தடியில் நிற்க விடாதீர்கள். தாத்தாவிடம் இன்னொரு தேதிக்கும் கொஞ்சம் நாற்றை நிறுத்திவைக்கச் சொல்லுங்கள், நாலைந்து நாள் தள்ளினால் ஒன்றும் ஆகாது.