பதில்: சமூக மடத்துச் சுவர், பழைய கல்பாத்தி – சிமெண்ட் வேண்டாம்

எல்லோருக்கும் நமஸ்காரம்.

பாலக்காட்டுக் கல்பாத்தி அக்கிரகாரத்தில் நம் சமூக மடத்தைப் பழுதுபார்க்க வந்த எஸ்டிமேட்டைப் பார்த்து, பாம்பே சித்தப்பா கணக்குக் கேட்டது நியாயம். எஸ்டிமேட்டில் ஒரே வரியில் மொத்தத் தொகை போட்டிருக்கிறார்கள். பூச்சு எத்தனை சதுர அடி, ஓடு எத்தனை, மரம் எத்தனை அடி என்று பிரித்து வாங்குங்கள். மங்களூர் ஓடு நூறு சதுர அடிக்குச் சுமார் 140 பிடிக்கும். உடைசலுக்குப் பத்து கூட்டி 150 என்றால் சரி, அதற்குமேல் போனால் விடாமல் கேளுங்கள்.

தொகையைவிட என்னைக் கலக்குவது ‘சிமெண்ட் பூச்சு’ என்ற வார்த்தை. மன்னி அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். தரையிலிருந்து மூன்றடி உயரத்துக்கு உப்புப் பூத்திருக்கிறது. மண்ணிலிருந்து ஏறும் ஈரம் அது. சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தை வெளியே விடும். சிமெண்ட் அடைத்துவிடுவதால் ஈரம் இன்னும் மேலே ஏறும். பிறகு பூச்சு, சுவரையும் பிய்த்துக்கொண்டு பாளமாக விழும். சுவருக்குள் புதைந்த உத்திர நுனிதான் முதலில் உளுக்கும். சுத்தியலால் தட்டினால் ‘பொத்’தென்று கேட்கும். அதற்காக முழு உத்திரத்தையும் மாற்ற வேண்டாம், கெட்ட நுனியை மட்டும் அறுத்துப் பழைய தேக்கில் ஒட்டுப்போட்டு போல்ட் முடுக்கலாம்.

அது பொதுச்சுவர் என்பதையும் மறக்கக் கூடாது. பக்கத்து வீட்டுக் கூரையைத் தாங்கும் கைமரங்களும் அதன்மேல்தான் உட்கார்ந்திருக்கின்றன. இரண்டு பக்கமும் முட்டுக் கொடுத்த பிறகே கொத்த வேண்டும். மேலே கான்கிரீட் தளம் போடும் பேச்சே வேண்டாம், அந்தச் சுவர் தாங்காது.

‘காசியில் பாதி கல்பாத்தி, 1425 முதல் நிற்கும் கோவில்’ என்று கோடியாத்து அண்ணா எழுதியிருக்கிறார். எனக்கும் அந்தப் பெருமை உண்டு. ஆனால் திண்ணையை இடித்து ஷட்டர் போட்ட வீட்டிலிருந்து அந்தக் கடிதம் வரும்போது மனசு எரிகிறது. வரிசை வீட்டில் ஒன்றின் முன்பகுதியை இடித்தாலும் அடுத்த வீட்டுச் சுவர் அந்த அளவுக்கு மழைக்கு நேராக நிற்கும். மண் ஈரத்தோடு மழையும் சேர்ந்து மடத்துச் சுவர் நனைந்ததும் அப்படித்தான்.

பாரம்பரியப் பகுதி என்பதால் கேரள அரசின் கலை, பாரம்பரிய ஆணையத்தின் ஒப்புதலோடுதான் நகரசபை பெர்மிட் கிடைக்கும். வரைபடத்தில் ஓட்டுக் கூரை, திண்ணை, சுண்ணாம்புப் பூச்சு மூன்றையும் குறித்துக் கொடுங்கள்.

ஐப்பசித் தேர்த் திருவிழாவுக்கு முன் வேலையைத் தொடாதீர்கள், தெருவில் சாமான் இறக்க இடமிருக்காது. தேர் முடிந்ததும் சுண்ணாம்பைத் தண்ணீர் விட்டு நீற்றி இரண்டு வாரமாவது தொட்டியில் ஊறப்போடட்டும். ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு மணல், ஒவ்வொரு பூச்சும் அரை அங்குலத்துக்குள். மார்கழி, தையில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக அடிக்கும் கிழக்குக் காற்று பூச்சைச் சீக்கிரம் உலர்த்தி வெடிக்க வைக்கும். ஒரு வாரம் ஈரச்சாக்கு தொங்கவிட ஆள் வேண்டும். அந்தக் கூலி எஸ்டிமேட்டில் இல்லை, சேர்க்கச் சொல்லுங்கள்.

பிரித்த எஸ்டிமேட் வந்ததும் என் பங்கை அன்றைக்கே அனுப்புகிறேன்.

அம்பி, மஸ்கட்