தரை விளையாட்டு புரொஜெக்டர்: யாரும் மிதிக்காமலே பலூன் வெடிக்கிறது, அவசரம்!

பாலர்பள்ளி_டீச்சர் | சனி, காலை 7:12
வணக்கம். எங்கள் தோட்டத்துப் பாலர் பள்ளியில், தரையில் விளையாட்டு காட்டும் புரொஜெக்டர் வாங்கி மாட்டியிருக்கிறோம். பிள்ளைகள் மிதித்தால் பலூன் வெடிக்கும், மீன் விலகி ஓடும், அந்த வகை. முதலில் நன்றாகத்தான் ஓடியது. இப்போது பக்கத்தில் யாரும் போகாமலே பலூன் தானாக வெடிக்கிறது, மீன்கள் ஒரு மூலைப் பக்கமே வரமாட்டேன் என்கின்றன. கம்ப்யூட்டரை அடைத்துத் திறந்து பார்த்தாச்சு. விற்ற இடத்தில் போனை எடுக்கவில்லை. திங்கட்கிழமை பெற்றோர் வருகிறார்கள். தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள்.

ஈப்போ_ஒயர்மேன் | 7:31
கரண்டைப் பாருங்கள் டீச்சர். தோட்டப் பக்கம் லைன் நீளம். 230 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் சாயங்காலம் 205 காட்டியதை என் மீட்டரில் நானே பார்த்திருக்கிறேன். வோல்டேஜ் ஏறி இறங்கினால் எந்தப் பெட்டியும் சொன்ன பேச்சைக் கேட்காது. வோல்டேஜைச் சீராக வைக்கும் நல்ல ஏவிஆர் பெட்டி ஒன்று வாங்கி வையுங்கள்.

கேள்விக்குறி | 7:48
டீச்சர், என்ன மாடல்? கேமரா தனியாக இருக்கிறதா, புரொஜெக்டருக்குள்ளேயே இருக்கிறதா? என்ன தரை? எவ்வளவு உயரத்தில் மாட்டினீர்கள்? நாள் முழுக்க இப்படியா, சில நேரம் மட்டுமா? இதெல்லாம் தெரியாமல் யார் என்ன சொன்னாலும் குத்துமதிப்புதான்.

பிக்சல்_பெரியவர் | 8:20
மேலே பின் செய்து வைத்திருக்கும் "கேட்பதற்கு முன்" பதிவை யாரும் படிப்பதில்லை என்று தெரிகிறது. பரவாயில்லை, மறுபடியும் பாடம் நடத்துகிறேன்.

இது புதிய மாயம் ஒன்றும் இல்லை. 1970களிலேயே அமெரிக்காவில் மைரன் குரூகர் என்பவர் "வீடியோபிளேஸ்" என்று, ஆளின் நிழலுருவத்தைக் கேமராவில் பிடித்துத் திரையில் விளையாட விட்டவர். இன்றைய பெட்டியிலும் அதே தத்துவம்தான். கேமரா தரையைப் பார்க்கும், கம்ப்யூட்டர் அந்தப் படத்தையும் புரொஜெக்டர் படத்தையும் மூலைக்கு மூலை பொருத்திக்கொள்ளும். அதற்குப் பெயர் காலிப்ரேஷன். யாரோ ஒட்டடை அடித்துப் புரொஜெக்டரை இடித்திருப்பார்கள். ஒரு விரற்கடை நகர்ந்தாலே போதும். மறுபடி காலிப்ரேஷன் செய்யவும். இழையை மூடலாம்.

கேள்விக்குறி | 8:33
மூட வேண்டாம். காலிப்ரேஷன் தவறினால் மிதித்த இடத்துக்கு ஒரு முழம் தள்ளி வெடிக்கும். யாருமே இல்லாமல் வெடிக்காது. டீச்சர் சொன்னதைத் திரும்பப் படியுங்கள் பெரியவரே.

பிக்சல்_பெரியவர் | 8:41
நான் படித்துவிட்டுத்தான் எழுதுகிறேன் தம்பி.

பாலர்பள்ளி_டீச்சர் | 10:05
மன்னிக்கவும், வகுப்பில் இருந்தேன். சுங்கை சிப்புட்டுக்கு உள்ளே, தோட்டத்துக் கோவில் மண்டபத்தில்தான் பாலர் பள்ளி நடக்கிறது. தரை வெள்ளை டைல்ஸ், புதிதாகப் போட்டது, நல்ல பளபளப்பு. பெட்டியில் சீன எழுத்துதான் இருக்கிறது, மாடல் தெரியவில்லை. புரொஜெக்டருக்குப் பக்கத்தில் தனியாக ஒரு கறுப்புக் கேமரா. அதைச் சுற்றிச் சின்னச் சின்ன பல்புகள் இருக்கின்றன, ஆனால் எதுவுமே எரியவில்லை. அதுதான் பழுதோ? காலையில் பரவாயில்லை. சாயங்காலம் மோசம். நேற்று ரொம்பவே மோசம்.

சும்மா_இருக்கேன் | 10:11
வெள்ளிக்கிழமை, சாயங்காலம், கோவில் மண்டபம். சந்தேகமே இல்லை டீச்சர், முனீஸ்வரர் விளையாடுகிறார். ஒரு சுருட்டு வைத்துப் பாருங்கள்.

ஈப்போ_ஒயர்மேன் | 10:15
சாயங்காலம் மோசம் என்கிறார் பாருங்கள். எல்லா வீட்டிலும் லைட், டிவி, ஏர்கான் போடும் நேரம். நான் சொன்னதுதான்.

சிசிடிவி_தம்பி | 10:40
டீச்சர், அந்தப் பல்புகள் எரிந்துகொண்டுதான் இருக்கும், நம் கண்ணுக்குத் தெரியாது. நாங்கள் மாட்டும் இரவுக் கேமராவிலும் இதே அகச்சிவப்பு பல்புதான். இருட்டில் உற்றுப் பார்த்தால் மங்கலாகச் சிவப்பு தெரிந்தால் அதன் அலைநீளம் 850 நானோமீட்டர், ஒன்றுமே தெரியாவிட்டால் 940. கைப்பேசியின் முன் கேமராவைத் திறந்து அதன் வழியாகப் பாருங்கள், ஊதா கலந்த வெள்ளையாகத் தெரியும். டிவி ரிமோட்டை வைத்து முதலில் சோதித்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் சில கைப்பேசிகளில் தெரியாது.

தரையில் ஓடும் பலூனும் மீனும் அந்தக் கேமராவுக்குத் தெரியவே கூடாது. தெரிந்தால் படம் அசைவதையே கால் என்று நினைத்துக்கொள்ளும். அதனால்தான் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தை வடிகட்டிவிட்டு, அகச்சிவப்பை மட்டும் பார்க்க வைத்திருக்கிறார்கள். யாரும் இல்லாத தரையை ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டு, அதிலிருந்து மாறுகிற இடத்தையெல்லாம் "இங்கே கால்" என்று எடுத்துக்கொள்ளும். ஆக, வேறு எங்கிருந்தோ அகச்சிவப்பு வந்து உங்கள் தரையில் விழுகிறது. மேற்குப் பக்கம் கதவு இருக்கிறதா?

பழைய_கிராணி | 11:02
கேட்கிறேன் என்று கோபித்துக்கொள்ளாதீர்கள். பாலர் பள்ளிப் பிள்ளைகளுக்கு இதெல்லாம் எதற்கு? லயத்து வாசலில் கரிக்கட்டையால் கோடு கிழித்து நொண்டி விளையாடித்தான் நாங்கள் வளர்ந்தோம். கரண்டும் வேண்டாம், காலிப்ரேஷனும் வேண்டாம். அந்தக் காசுக்குக் கதைப் புத்தகம் வாங்கியிருக்கலாம்.

சும்மா_இருக்கேன் | 11:06
மழை வந்தால் கரிக்கோடு அழிந்துபோகுமே ஐயா, அப்போது யாரிடம் கேட்டீர்கள்?

பிசியோ_அக்கா | 11:30
கிராணி ஐயா, நான் வேலை செய்யும் இடத்தில் இதே மாதிரி ஒன்று சுவரில் இருக்கிறது. ஒரு பக்கம் கை தூக்கவே மாட்டேன் என்கிற பிள்ளை, சுவரில் வண்ணத்துப்பூச்சி வந்தால் எட்டித் தொடுகிறது. "கையைத் தூக்கு" என்று நான் நாள் முழுக்கச் சொன்னாலும் தூக்காது. நெதர்லாந்தில் டெல்ஃப்ட் பல்கலைக்கழக ஆய்வு ஒன்றிலிருந்து "டோவர்டாஃபல்" என்று ஒன்று வந்தது. சாப்பாட்டு மேசை மேல் பூவும் இலையும் விழும், மறதி நோய் வந்த முதியவர்கள் அதைக் கையால் தள்ளி விளையாடுவார்கள். வெறும் ஆடம்பரம் என்று ஒதுக்கிவிட முடியாது.

பழைய_கிராணி | 11:44
நோயாளிக்கு வேண்டும், ஒத்துக்கொள்கிறேன். நல்ல காலோடு இருக்கிற பிள்ளைக்குத் திடல் இருக்கிறது.

பிசியோ_அக்கா | 11:52
எந்தத் திடல் ஐயா? எங்கள் பக்கம் திடல் இருந்த இடத்தில் இப்போது வீடமைப்புத் திட்டம்.

பழைய_கிராணி | 12:03
அது வேறு வயிற்றெரிச்சல். அதற்குத் தனி இழை போடுங்கள், நானும் வருகிறேன்.

கேம்_பையன் | 12:20
பேசாமல் எக்ஸ்பாக்ஸ் விளையாட்டுக்கு வந்த பழைய கினெக்ட் கேமரா ஒன்று வாங்கி மாட்டுங்கள் டீச்சர். ஆள் எவ்வளவு தூரத்தில் என்று ஆழத்தையே அளக்கும், சும்மா வெடிக்காது.

கேள்விக்குறி | 12:34
2010இல் வந்ததா, அடுத்து வந்ததா? இரண்டாவது என்றால் யூஎஸ்பி 3 வேண்டும். இரண்டுக்குமே நல்ல வெயில் ஆகாது. மைக்ரோசாஃப்ட் 2017இலேயே தயாரிப்பை நிறுத்திவிட்டது, செகண்ட் ஹேண்டில்தான் தேட வேண்டும். அப்புறம் டீச்சரிடம் இருக்கும் மென்பொருள் அதை ஏற்குமா என்பதே தெரியாது. திங்கட்கிழமைக்குள் ஆகிற காரியமா இது?

பிக்சல்_பெரியவர் | 12:50
மலிவு விலைப் பெட்டிகளில் இன்னொரு விஷயமும் உண்டு. பல்பு வைத்த சில புரொஜெக்டர்களைத் தலைகீழாகத் தரையைப் பார்த்து மாட்டவே கூடாது, சூடு வெளியேறாமல் பல்பு சீக்கிரம் போய்விடும். எந்தக் கோணத்திலும் மாட்டலாம் என்று கையேட்டில் எழுதியிருக்க வேண்டும். லேசர் வகைகளில் பெரும்பாலும் அந்தத் தொல்லை இல்லை. இதை வாங்குவதற்கு முன் கேட்டிருக்க வேண்டும். சொன்னால் எனக்குத் திமிர் என்பார்கள்.

சும்மா_இருக்கேன் | 12:52
யாரும் சொல்லவில்லையே பெரியவரே. இன்னும்.

பாலர்பள்ளி_டீச்சர் | 2:15
தம்பி, கைப்பேசியில் பார்த்தேன், பல்பு எல்லாம் எரிகிறது! மேற்குப் பக்கம் பெரிய கதவு இருக்கிறது, நாலு மணிக்கு மேல் வெயில் உள்ளே வரும். ஆனால் நேற்று அப்படி ஆனது ஏழரை மணிக்கு, வெளியே இருட்டு. பூஜை முடிகிற நேரத்தில் எல்லா பலூனும் ஒன்றாக வெடித்தது. பிள்ளைகள் கை தட்டினார்கள், எனக்குத்தான் பயமாக இருந்தது.

சிசிடிவி_தம்பி | 2:21
பூஜையா? விளக்கு ஏற்றினீர்களா டீச்சர்? எண்ணெய் விளக்கு?

பாலர்பள்ளி_டீச்சர் | 2:24
வெள்ளிக்கிழமை குத்துவிளக்கு வைப்போம். ஆனால் படம் விழும் இடத்திலிருந்து தள்ளித்தான் இருக்கிறது.

சிசிடிவி_தம்பி | 2:39
அப்போது அதுதான். தீயில் கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சத்தைவிட அகச்சிவப்புதான் அதிகம். எல்ஈடி டியூபில் அது கிடையாது என்றே சொல்லலாம், பழைய மஞ்சள் பல்பிலும் ஹாலோஜனிலும் நிறைய உண்டு. விளக்கு தள்ளியிருந்தாலும் பளபளப்பு டைல்ஸில் சுடரின் பிம்பம் விழும், மேலே இருக்கிற கேமரா அந்தப் பிம்பத்தைப் பார்க்கும். சுடர் ஆடிக்கொண்டே இருப்பதால், அங்கே யாரோ குதித்துக்கொண்டிருப்பதாக நினைத்துக்கொள்ளும். மீன் ஒதுங்குகிற மூலை விளக்குப் பக்கம்தானே?

பூஜை முடியும்போது கற்பூரம் காட்டியிருப்பீர்கள். தீ பெரிது, தட்டும் சுற்றுகிறது. மண்டபம் முழுக்கத் தரையில் வெளிச்சம் மாறுகிறது, எல்லா பலூனும் போச்சு.

இன்று சாயங்காலம் விளக்கை ஏற்றி, வேறு பக்கம் நகர்த்தி வைத்துப் பாருங்கள். அடுத்து மேற்குக் கதவுக்குக் கெட்டியான திரை. வெளிச்சம் எல்லாம் சரியான பிறகு, ஆள் இல்லாத தரையை மறுபடி படம் எடுக்கச் சொல்லும் பொத்தான் மென்பொருளில் இருக்கும், அதை அழுத்துங்கள். உணர்திறனைக் கொஞ்சம் குறையுங்கள், ரொம்பக் குறைத்தால் சின்னப் பிள்ளைகளின் கால் தெரியாது. முடிந்தால் பளபளப்பில்லாத சாம்பல் நிற வினைல் ஒன்று விரித்துவிடுங்கள். நாடா போட்டு ஓரத்தை ஒட்டிவிடுங்கள், பிள்ளைகள் தடுக்கி விழுவார்கள்.

பிக்சல்_பெரியவர் | 3:10
தரையை மறுபடி படம் எடுப்பதும் காலிப்ரேஷனில் சேர்ந்ததுதான். காலையிலேயே சொல்லிவிட்டேன்.

கேள்விக்குறி | 3:12
நீங்கள் சொன்னது ஒட்டடை.

பிசியோ_அக்கா | 3:30
அந்தக் கதவு வெயிலைச் சும்மா விடாதீர்கள் டீச்சர். எங்கள் இடத்தில் ஜன்னலுக்கு மெல்லிய திரை போட்டு ஒன்றும் பலிக்கவில்லை. நம் கண்ணுக்கு இருட்டாகத் தெரிந்தாலும் துணி வழியாக அகச்சிவப்பு வந்துகொண்டே இருந்தது. கெட்டித் துணியை இரண்டு மடிப்பாகப் போட்ட பிறகுதான் அடங்கியது.

சிசிடிவி_தம்பி | 3:47
சரியாகச் சொன்னீர்கள் அக்கா. 940 என்றால் வெயில் தொல்லை கொஞ்சம் குறையும், காற்றில் இருக்கும் நீராவி வெயிலில் அந்தப் பகுதியை நன்றாக விழுங்கிவிடும். ஆனால் விளக்குச் சுடர் 850, 940 எதையும் விட்டுவைக்காது.

பழைய_கிராணி | 4:05
விளக்கை நகர்த்தச் சொல்கிறீர்களே, வைக்கிற திசை என்று ஒன்று இருக்கிறது. புரொஜெக்டரை நகர்த்துங்கள்.

பிசியோ_அக்கா | 4:09
இதில் ஐயா பக்கம்தான் நானும்.

பாலர்பள்ளி_டீச்சர் | ஞாயிறு, காலை 8:50
விளக்குதான்! நேற்று ஏற்றிப் பார்த்தோம், உடனே மீன் விலகி ஓடியது. இப்போதும் விளக்கு அதே இடத்தில்தான், முன்னால் ஒரு பலகை நிறுத்தியாச்சு, பிம்பம் தரையில் விழவில்லை. பலூன் சும்மா நிற்கிறது. கதவுக்குத் துணி தைக்கக் கொடுத்திருக்கிறோம். பூஜை நேரத்தில் இனிமேல் விளையாட்டை அடைத்துவிடுவோம். எல்லோருக்கும் நன்றி, தம்பிக்கு ரொம்ப நன்றி.

கேம்_பையன் | 9:15
டீச்சர், உணர்திறனை எவ்வளவில் வைத்தீர்கள்? எங்கள் மாமா கடையிலும் இதே பெட்டிதான் போல.

கேம்_பையன் | திங்கள், இரவு 9:02
டீச்சர்?

ஈப்போ_ஒயர்மேன் | 9:20
விளக்கு சரி. ஆனாலும் ஒரு ஏவிஆர் வாங்கி வைத்துவிடுங்கள்.