ஓகேசியா, அமெலோபிளாஸ்டோமாவா? பயாப்ஸிக்குப் பிறகும் முடிவு தெரியவில்லை

பிடிஎஸ் (பல் மருத்துவம்) இறுதியாண்டு. கேஸ் பிரசன்டேஷனுக்கு எடுத்த நோயாளிக்கு இருப்பது ஓகேசியா (பல் சார்ந்த, கெரட்டின் நிறைந்த தாடை நீர்க்கட்டி), அமெலோபிளாஸ்டோமாவா (பல் உருவாக்கும் திசுவில் எழும் தாடைக் கட்டி) என்பதில் முட்டி நிற்கிறேன்.

24 வயது ஆண். இடது கீழ்த்தாடைக் கோணத்தில் ஆறு மாதமாக லேசான வீக்கம். வலி இல்லை, உதடு மரத்துப்போகவில்லை. ஓபிஜியில் (முழுத் தாடை எக்ஸ்ரே) 37-க்குப் (இடது கீழ் இரண்டாம் கடைவாய்ப்பல்) பின்னிருந்து ரேமஸ் (தாடையின் மேல்நோக்கி எழும் பகுதி) வரை பல அறைகளாகக் கருமை, ஓரம் தெளிவான வெள்ளைக் கோடு, உள்ளே முளைக்காத 38 (ஞானப்பல்).

பார்த்தவை: 37 வைட்டாலிட்டி டெஸ்டில் உயிரோடு இருக்கிறது. சிபிசிடியில் (முப்பரிமாண ஸ்கேன்) கன்னப் பக்கமும் நாக்குப் பக்கமும் எலும்பு அதிகம் உப்பவில்லை, நீளவாக்கில்தான் பரவியிருக்கிறது. வேர்கள் கரையவில்லை. ஊசியில் கெட்டியான, வெளிறிய திரவம் வந்தது. எல்லாம் ஓகேசி பக்கமே சாய்கிறது.

ஆனால் இன்சிஷனல் பயாப்ஸியில் (ஒரு துண்டு மட்டும் எடுத்துச் செய்த திசுப் பரிசோதனை) கடும் அழற்சியும் கெரட்டின் இல்லாத எபிதீலியமும் (மேற்பரப்புச் செல் அடுக்கு)தான். பாலிசேடிங் (அடியடுக்குச் செல்கள் வேலிபோல் வரிசையாக நிற்பது) இல்லை, அமெலோபிளாஸ்டோமாவில் எதிர்பார்க்கும் ஸ்டெல்லேட் ரெட்டிகுலமும் (நட்சத்திர வடிவச் செல்களின் தளர்வான திசு) இல்லை. அழற்சி இருந்தால் ஓகேசியின் பாராகெரட்டின் (உட்கரு மிஞ்சிய கெரட்டின்) அடுக்கு அடையாளம் இழக்கும் என்பது தெரியும். அதை வைத்து மட்டும் அமெலோபிளாஸ்டோமாவை ஒதுக்க மனம் வரவில்லை. தவறினால் அந்தப் பையனின் தாடையில் செய்யும் அறுவையே மாறிவிடும்.

நோயியல் படித்தவர்கள் சொல்லுங்கள்: இதே பிளாக்கில் (மெழுகில் பதித்த திசுத் துண்டு) இன்னும் ஆழமாக வெட்டிப் பார்க்கச் சொல்வதா, வேறு இடத்தில் மறு பயாப்ஸி கேட்பதா, எது முதலில்?