வேகச் சோதனை 38 மெகாபிட் காட்டியும் மாலை வகுப்பு நின்று நின்று ஓடுவது ஏன்?

கேட்டவர்:
எங்கள் வீட்டில் உள்ளூர் கேபிள் வழி இணைய இணைப்பு உள்ளது. வேகச் சோதனையில் பதிவிறக்கம் 38 மெகாபிட், பதிவேற்றம் 4 மெகாபிட் என்று வருகிறது. ஆனால் மாலை 6 மணிக்கு என் மகளின் இயற்பியல் நேரலை வகுப்பு தொடங்கிச் சிறிது நேரத்திலேயே திரையில் வட்டம் சுழலத் தொடங்குகிறது. ஆசிரியர் சமன்பாட்டின் பாதியில் இருக்கும்போது குரல் அறுந்து, மீண்டும் வரும்போது பலகையில் அடுத்த கணக்கு இருக்கிறது. இணைப்பு தருபவர்கள் 100 மெகாபிட் திட்டத்துக்கு மாறச் சொல்கிறார்கள். கடைக்காரர் எட்டு ஆண்டுப் பழைய கணினிதான் காரணம் என்கிறார். எதற்குச் செலவு செய்வது?

முதல் மறுமொழி:
இப்போதைக்கு இரண்டுக்கும் செலவு செய்யாதீர்கள். 1080 தரக் காணொளிக்கு ஏறத்தாழ 5 மெகாபிட் போதும் என்பதால், 38 மெகாபிட் இணைப்பில் வேகக் குறைவு காரணமாக இருக்க வாய்ப்பு குறைவு. பஃபர் என்பது ஓடவிருக்கும் காணொளியின் முன்கூட்டியே இறக்கி வைத்த பகுதி; அது மாடித் தொட்டியைப் போன்றது: மோட்டார் சிறிது நின்றாலும் தொட்டியில் நீர் இருக்கும்வரை குழாய் ஓடும். பதிவு செய்த காணொளிக்குத் தொட்டி பெரியது. நேரலைக்கோ சில வினாடி அளவே தொட்டி உண்டு, ஆகவே சிறு தடங்கலும் உடனே வெளியே தெரிந்துவிடும்.

யூடியூபில் ஒரு காணொளியின் மேல் வலப்பக்கச் சொடுக்கு செய்து, 'ஸ்டாட்ஸ் ஃபார் நெர்ட்ஸ்' என்பதைத் திறந்து பாருங்கள். 'பஃபர் ஹெல்த்' பல வினாடிகள் இருந்தும் படம் திக்கித் திக்கி ஓடி, விடுபட்ட சட்டங்களின் (காணொளியின் தனித்தனிப் படங்கள், அதாவது ஃபிரேம்கள்) எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனால், குறை கணினியில்தான். பஃபர் வற்றிப் பூச்சியத்தைத் தொட்டால் குறை இணைய வழியில் இருக்கிறது.

இரண்டாம் மறுமொழி:
ஒரு மாலை மட்டும் வைஃபையை விட்டுக் கம்பி வழியே ரூட்டரில் இணைத்துப் பாருங்கள். அக்கம்பக்கத்து வைஃபை நெரிசலா என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

கேட்டவர்:
இரண்டையும் செய்து பார்த்தேன். பதிவுக் காணொளியில் பஃபர் 40 வினாடிக்கு மேல் நின்றது, சட்டங்கள் விடுபடவில்லை. கம்பியில் இணைத்தும் வகுப்பு நின்றது. சிறு செய்தி அனுப்பிப் பதில் வர ஆகும் நேரத்தைக் காட்டும் பிங் கட்டளையை ஒரு சாளரத்தில் ரூட்டருக்கும், இன்னொன்றில் வெளியே கூகுளின் 8.8.8.8 முகவரிக்கும் ஓடவிட்டு அருகிலேயே உட்கார்ந்திருந்தேன். ரூட்டர் 1 மில்லி வினாடியிலேயே நின்றது. வெளி முகவரி 20இல் இருந்து, என் கணவர் வேலையிலிருந்து திரும்பி அவருடைய கைபேசி வைஃபையில் இணைந்த சில நிமிடங்களில் 700 ஆனது. அவர் நாள் முழுவதும் எடுக்கும் பணியிடப் படங்கள் அப்போதுதான் தாமாகவே பதிவேறுகின்றன.

மூன்றாம் மறுமொழி:
நீங்களே கண்டுபிடித்துவிட்டீர்கள், அம்மா. இதற்கு 'பஃபர்புளோட்' என்று பெயர். ஜிம் கெட்டிஸ் என்னும் பொறியாளர் 2010இல் தம் வீட்டிலிருந்து பெரிய கோப்புகளை அனுப்பியபோது இதே கோளாற்றைக் கண்டு, விரிவாக எழுதினார். மோடமும் ரூட்டரும் அனுப்ப முடியாத தரவைத் தூக்கி எறியாமல் வரிசையில் அடுக்கி வைக்கின்றன. உங்கள் 4 மெகாபிட் பாதையைப் படங்கள் நிறைத்துவிட, 'இதுவரை வந்து சேர்ந்தது, மேலும் அனுப்பு' என்று கணினி அனுப்பும் சிறு ஒப்புகைகளும் அதே வரிசையின் கடைசியில் காத்துக் கிடக்கின்றன. ஒப்புகை தாமதமானால் எதிர்முனை அனுப்புவதும் தாமதமாகிறது. அதனால்தான் பதிவேற்றத்தின் நெரிசல் பதிவிறக்கத்தைக் கெடுக்கிறது. பதிவேற்ற அளவு உயராத திட்டத்துக்கு மாறினால் 100 மெகாபிட்டிலும் இதே கதைதான்.

இன்றே செய்யக்கூடியது, படங்களின் பதிவேற்றத்தை இரவுக்குத் தள்ளுவது. நிலையான தீர்வு ரூட்டரில் உள்ளது: 2012இல் கேத்லீன் நிக்கோல்ஸும் வான் ஜேக்கப்சனும் வெளியிட்ட 'கோடெல்' முறை, வரிசையில் தரவு காத்திருக்கும் நேரத்தை அளந்து, அது நீடித்தால் சிலவற்றைக் கைவிட்டு அனுப்புபவரை மெதுவாக்குகிறது. ஓப்பன்டபிள்யூஆர்டி மென்பொருள் ஓடும் ரூட்டர்களில் 'எஸ்க்யூஎம்' என்ற பெயரில் இவ்வகை வசதியை நிறுவிக்கொள்ளலாம். பதிவேற்ற வரம்பை 4க்குச் சற்றுக் கீழே, 3.4 மெகாபிட் என்று வையுங்கள். அப்போதுதான் வரிசை மோடத்தில் சேராமல் உங்கள் ரூட்டரின் கட்டுப்பாட்டில் இருக்கும்.

கேட்டவர்:
எங்கள் ரூட்டரில் அந்த வசதி இல்லை. ஆனால் பதிவேற்ற வரம்பு இடும் பகுதி இருந்தது. 3.4 என்று வைத்து, கைபேசியில் படப் பதிவேற்றத்தையும் மின்னேற்றும்போது மட்டும் என்று மாற்றினோம். நேற்று வகுப்பின் ஒன்றரை மணி நேரமும் பிங் 25ஐத் தாண்டவில்லை. வட்டம் ஒருமுறையும் வரவில்லை.