ஜிஆர்இ வெர்பலை எப்படிப் படித்தீர்கள்?

அண்ணன்மார், அக்காமார் எல்லோருக்கும் வணக்கம். எனக்குத் திருமங்கலம். பன்னிரண்டாவது வரை தமிழ் வழி, அப்புறம் மதுரையில் இன்ஜினியரிங். இரண்டு மாதத்தில் ஜிஆர்இ (வெளிநாட்டு மேற்படிப்புக்கான நுழைவுத் தேர்வு) எழுத வேண்டும். கணக்கு பிரச்சினை இல்லை, வெர்பல் என்கிற ஆங்கிலப் பகுதிதான் படுத்துகிறது. மாதிரித் தேர்வில் 170க்கு 146ஐத் தாண்டவே இல்லை (மதிப்பெண்ணே 130இல்தான் தொடங்கும்).

தினமும் பெரியார் நிலையம் போகிற பஸ்ஸில் முப்பது சொல் மனப்பாடம் செய்கிறேன். ஆனால் தெரியாத சொல்லைவிடத் தெரிந்த சொல்தான் காலை வாருகிறது. போன வாரம் ஒரு கேள்வியில் 'சாங்ஷன்' வந்தது. நமக்கு சாங்ஷன் என்றால் பேங்கில் லோன் பாஸாகிவிட்டது என்று அர்த்தம். அங்கே தண்டனை என்ற பொருளில் வந்திருக்கிறது! அனுமதிக்கும் அதே சொல், தண்டனைக்கும் அதே சொல்.

ஆறு சொல்லில் இரண்டைத் தேர்ந்தெடுக்கும் கேள்வி இன்னும் மோசம். ஒன்று சரி, ஒன்று தப்பு என்றால் பாதி மதிப்பெண்கூடக் கிடையாது. முதல் பிரிவில் 12 கேள்விக்கு 18 நிமிடம்தான். நான் மனசுக்குள் தமிழில் மாற்றிக்கொண்டே படிப்பதால் பெரிய பத்தி வந்தால் அங்கேயே உட்கார்ந்துவிடுகிறேன்.

கோச்சிங்கும் போய்ப் பார்த்தேன். அதே சொல் பட்டியலை ஜெராக்ஸ் போட்டுக் கொடுத்தார்கள், அவ்வளவுதான்.

தமிழ் வழியில் படித்து இதைத் தாண்டியவர்கள் சொல்லுங்கள்: பட்டியலைத் தூரப் போட்டுவிட்டு வாசிப்பில் இறங்கலாமா? எந்த மாதிரிக் கட்டுரைகள்? மொழிபெயர்க்கும் பழக்கம் எப்படி விட்டது?

ஞாயிறுதோறும் நத்தம் ரோடு கலைஞர் நூலகத்தில் இருப்பேன். கூடப் படிக்க யாராவது வந்தால் டீ என் செலவு.