ஆன்லைன் ஒயின் ஏலம்: கடைசி நிமிடத்தில் கை நழுவிப் போகிறது, எப்படிக் கேட்பது?

திராட்சைக்கொடி:
ஆறு மாதமாக ஆன்லைனில் பிரான்ஸின் போர்தோ வட்டாரத்துப் பழைய ஒயின்களை ஏலம் கேட்டு வருகிறேன். ஏழு முறை கேட்டதில் ஒன்றுதான் கிடைத்தது, அதுவும் நஷ்டம். மற்ற ஆறிலும் கடைசி வரை நான்தான் முன்னால் இருப்பேன், முடியப் போகிற நேரத்தில் யாராவது வந்து ஒரு படி ஏற்றுவார், நான் பதறிப்போய் ஏற்றுவேன், அவர் மறுபடி ஏற்றுவார், அவ்வளவுதான், போய்விடும். கிடைத்த அந்த ஆறு பாட்டில் லாட் (ஒன்றாக ஏலம் விடும் தொகுப்பு) 100க்குப் படிந்தது. பில் வந்து பார்த்தால் கமிஷன் 25, கமிஷனுக்கு வரி 5, பேக்கிங், இன்சூரன்ஸ், அனுப்பும் செலவு 18, ஆக மொத்தம் 148. அதே ஒயின், அதே அறுவடை வருடம், கடையில் 130க்கே கிடைக்கிறது. பெட்டியைப் பிரித்தால் ஒரு பாட்டிலில் ஒயின் கழுத்துக்குக் கீழே பாட்டில் அகலும் தோளின் நடுவரை இறங்கியிருக்கிறது. மனசு விட்டுப்போச்சு. கடைசி நொடியில் கேட்பதா, முன்பே அதிகபட்சத் தொகையைப் போட்டுவிடுவதா? விலையை எதை வைத்து முடிவு செய்கிறீர்கள்?

நிலவறை:
கடைசி நொடிக் கதையை முதலில் விட்டுவிடுங்கள். பல ஏலத் தளங்களில் முடியும் நேரத்தில் யாராவது கேட்டால் கடிகாரம் சில நிமிடம் தானாக நீண்டுவிடும், அதனால் ஒளிந்திருந்து பாய்வதில் பயனே இல்லை. அதிகபட்சத் தொகையை ஒரே தடவை போட்டால், உங்களுக்கு அடுத்து இருப்பவரைத் தாண்ட எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு மட்டும்தான் தளம் ஏற்றிக்கொண்டு போகும், முழுத் தொகையும் போய்விடாது. இரண்டு பேர் ஒரே தொகை போட்டிருந்தால் பொதுவாக முதலில் போட்டவருக்குத்தான் லாட். முன்னாலேயே சின்னச் சின்னதாக ஏற்றிக்கொண்டிருந்தால் மற்றவர்களுக்கு ஆசை காட்டுகிறீர்கள், வேறொன்றும் இல்லை.

ஆனால் நீங்கள் தோற்றது அங்கே இல்லை, கணக்கில். பின்னாலிருந்து முன்னால் வாருங்கள். கடையில் 130. அதிலிருந்து அனுப்பும் செலவு 18ஐக் கழித்தால் 112. கமிஷனும் அதன் வரியும் சேர்ந்து 30 சதவீதம், ஆகவே 112ஐ 1.3ஆல் வகுத்தால் 86. அதுவே கடை விலைக்குச் சமம்தான், லாபம் இல்லை. ஏலத்தில் வாங்கிய பாட்டில் கெட்டிருந்தால் பெரும்பாலும் திருப்பிக் கொடுக்க முடியாது, அந்த ஆபத்துக்கும் ஒரு விலை வைக்க வேண்டும். நானாக இருந்தால் 75ல் நின்றிருப்பேன். இந்தக் கமிஷன் ஒன்றும் ஆதிகாலத்து வழக்கம் இல்லை, லண்டனில் பெரிய ஏல நிறுவனங்களான கிறிஸ்டீஸும் சதபீஸும் 1975ல்தான் வாங்குபவரிடம் வசூலிக்கத் தொடங்கினார்கள். இன்று பெரும்பாலான இடங்களில் தப்ப முடியாது.

இன்னொன்று. பழைய ஏல முடிவுகளைப் பார்த்து விலை தீர்மானிக்கும்போது, அங்கே போட்டிருப்பது கமிஷன் சேர்த்த விலையா சேர்க்காத விலையா என்று பாருங்கள். பல ஏல நிறுவனங்கள் சேர்த்துத்தான் வெளியிடுகின்றன. அந்த எண்ணை அப்படியே உங்கள் அதிகபட்சமாகப் போட்டால் கமிஷனை இரண்டு முறை கட்டியது போல ஆகிவிடும். லாட் வரி கட்டாத கிடங்கில் இருந்தால் வெளியே எடுக்கும்போது சுங்கமும் வரியும் தனி, அதையும் கணக்கில் சேர்க்கணும்.

மரப்பெட்டி:
விலை பற்றி மேலே சொல்லிவிட்டார், நான் பாட்டிலைப் பற்றிச் சொல்கிறேன். லாட் விவரத்தில் ஒயின் எதுவரை நிற்கிறது என்று எழுதியிருப்பார்கள், அந்த ஒரு வரியை விலைக்கு முன்னால் படியுங்கள். போர்தோ பாட்டிலுக்குத் தோள் உண்டு, அதனால் கழுத்து, கழுத்தடி, மேல்தோள், நடுத்தோள் என்று சொல்வார்கள். பிரான்ஸின் இன்னொரு ஒயின் வட்டாரமான பர்கண்டியின் பாட்டில் சரிவாக இறங்குவதால் கார்க்கிலிருந்து எத்தனை சென்டிமீட்டர் என்று சொல்வார்கள். முப்பது வருடப் போர்தோவில் மேல்தோள் சகஜம், பயப்பட வேண்டாம். பத்து வருடப் பாட்டிலில் அதே மேல்தோள் என்றால் கார்க் வழியாக ஏதோ நடந்திருக்கிறது. நடுத்தோள் எந்த வயதிலும் சூதாட்டம், நான் தொடுவதில்லை.

படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். கார்க், அதை மூடியிருக்கும் உறையை முட்டிக்கொண்டு மேலே எழும்பியிருந்தால் பாட்டில் சூடு பட்டிருக்கலாம். உறைக்குக் கீழே பிசுபிசுப்பாகக் கோடு வழிந்திருந்தால் கசிந்திருக்கிறது. லேபிளில் ஈரக் கறை, பூஞ்சைப் புள்ளி மட்டும் இருந்து ஒயின் அளவு நன்றாக இருந்தால் எனக்குச் சந்தோஷம்தான். ஈரமான நிலவறையில்தான் லேபிள் அப்படிப் பாழாகும், கார்க்கோ காயாமல் இருக்கும். அலமாரியில் அழகுக்கு வைக்க வாங்குபவர்கள் ஒதுங்கிவிடுவதால் விலையும் இறங்கும்.

யாரிடமிருந்து வருகிறது என்று கேட்டு எழுதுங்கள், கூச்சப்படாதீர்கள். 2008ல் நியூயார்க் ஏலத்தில் பர்கண்டியின் பொன்ஸோ பண்ணையின் க்ளோ சான் தெனி ஒயின் என்று 1945 முதலான வருடங்கள் போட்ட பாட்டில்கள் வந்தன. அந்தப் பண்ணை அந்த ஒயினைச் செய்யத் தொடங்கியதே 1982ல்தான். பண்ணைக்காரர் லோரான் பொன்ஸோ நேரில் போய் நின்று திரும்பப் பெற வைத்தார். அவற்றை விற்க வந்த ரூடி குர்னியவானுக்கு 2014ல் பத்து வருட சிறைத் தண்டனை கிடைத்தது. அந்தப் பட்டியலை எத்தனையோ பேர் பார்த்திருப்பார்கள், ஒரு வருடத்தைச் சரிபார்க்கத் தோன்றவில்லை.

திராட்சைக்கொடி:
இப்போதுதான் பழைய லாட் விவரத்தைத் தேடிப் படித்தேன். "ஒன்று நடுத்தோள்" என்று தெளிவாகவே எழுதியிருக்கிறது. நான் வருடத்தையும் பெயரையும் பார்த்துவிட்டு நேராக விலைக்குப் போயிருக்கிறேன். சரி, போட்டி குறைவான லாட்டுகளை எப்படிக் கண்டுபிடிப்பது?

கொடிப்பந்தல்:
எல்லோரும் தேடுகிற வருடத்தின் பக்கத்து வருடத்தைத் தேடுங்கள். போர்தோவில் 2000 என்றால் கூட்டம், 2001 அதே தோட்டம், அதே கைகள், பெரும்பாலும் விலை குறைவு, பல தோட்டங்களின் ஒயின் குடிக்க இதமாகவே இருக்கிறது. 2009, 2010க்குப் பக்கத்தில் 2008ம் அப்படித்தான்.

கலவை லாட்டுகளையும் விடாதீர்கள். நான்கு வகை பாட்டில் ஒன்றாக இருந்தால், ஒன்றை மட்டும் தேடி வருபவர்கள் கண்ணில் படாது. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக விலை எழுதிக் கூட்டுங்கள், பிடிக்காததற்குப் பூஜ்யம் போடுங்கள்.

அப்புறம், ஒரே ஒயின் பல லாட்டாகத் தொடர்ந்து வந்தால் முதல் லாட்டுக்குத்தான் சண்டை நடக்கும், பின்னால் வருபவை சில சமயம் மலிவாகப் போகும். ஆனால் சில இடங்களில் முதல் லாட்டை எடுத்தவருக்கே மீதியையும் அதே விலைக்கு எடுக்கும் உரிமை உண்டு. அப்படியானால் காத்திருந்தவருக்கு ஒன்றும் மிஞ்சாது. விதிமுறைப் பக்கத்தைப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

திராட்சைக்கொடி:
அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. வரும் ஞாயிறு முடியும் ஏலத்தில் ஒரு 2001 லாட் கண்ணில் பட்டது, ஆறு பாட்டில், லேபிளில் கறை, கழுத்தடி வரை ஒயின். எங்கே வைத்திருந்தார்கள் என்று கேட்டு, கார்க்குகளின் கிட்டத்துப் படமும் அனுப்பச் சொல்லி எழுதியிருக்கிறேன். பின்னாலிருந்து கணக்குப் போட்டால் எனக்கு 62 வருகிறது. படம் வந்து சரியாக இருந்தால் 62ஐப் போட்டுவிட்டுப் படுத்துவிடுவேன்.